காப்பு நகலும் மீட்கும் நாளும்

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான கணினியில் அழிப்பு ஆணை ஒன்றைப் பிறப்பித்துவிட்டார். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைப் பத்திரமாகச் சேமித்து வைப்பதற்கென்றே நடத்தப்படும் நிறுவனம் அது. சுமார் 300 ஜிகாபைட் அளவுள்ள தரவுத்தளத்தில் சில ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்த நிலையில்தான் அவர் உணர்ந்து ஆணையை நிறுத்தினார். உண்மையான பதற்றம் அதன் பிறகே தொடங்கியது. நிறுவனத்திடம் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தில் ஒன்றுகூட நம்பத்தக்க நிலையில் இல்லை. நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த நகல் எடுக்கப்படவே இல்லை. தரவுத்தளத்தின் பதிப்பும் நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் பொருந்தாமல் போயிருந்தன. அந்தத் தோல்வியைத் தெரிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் சரிபார்ப்பு விதிகளில் தேறாததால் நிராகரிக்கப்பட்டு, யாரையும் வந்தடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு தேவைக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் அன்று நிறுவனத்தைக் காப்பாற்றியது.

கிட்லேப் எதையும் ஒளிக்காமல் விரிவான அறிக்கை வெளியிட்டதால்தான் இவ்வளவும் வெளியே தெரிந்தது. தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே நிலைமை இது. கூடத்து மேசையில் ஒரு மடிக்கணினியையும் அலமாரியில் ஒரு புற வன்வட்டையும் வைத்துக்கொண்டு, 'பேக்-அப் எடுத்து வைத்திருக்கிறோம்' என்று நம்பியிருக்கும் வீடுகளின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. காப்பு நகல் எடுக்கும் மென்பொருள்கள் இன்று ஏராளம். எதைத் தேர்வது என்று முடிவெடுக்கப் பெரும்பாலோர் விலையையும் வசதிகளின் பட்டியலையும் ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு முற்றிலும் வீண் அல்ல. ஆனால், அது தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது.

பொருளியலில் இதற்குப் பொருத்தமான பாகுபாடு ஒன்று உண்டு. ஃபிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதிய கட்டுரையில் பண்டங்களை இரண்டாகப் பிரித்தார். சிலவற்றின் தரத்தை வாங்கும் முன்பே தேடி அறியலாம். சிலவற்றின் தரம் நுகர்ந்த பிறகே புலப்படும். புடவையின் நிறத்தைக் கடை வாசலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம். ஊறுகாயின் சுவை, வீட்டுக்கு வந்து புட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும். காப்பு மென்பொருள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதிலும் மோசமான வகை. ஊறுகாய் சரியில்லை என்றால் அடுத்த வாரம் வேறு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் புட்டியையோ வன்வட்டு செத்த அன்றுதான் திறக்கிறோம். அன்று சுவை சரியில்லை என்று தெரிந்தால், மாற்றி வாங்குவதற்குப் பொருளே இல்லை. இணையத்தில் குவிந்திருக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை நிறுவுவது எவ்வளவு எளிது, முதல் நகல் எவ்வளவு விரைவில் முடிந்தது, திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதையே பேசுகின்றன. மீட்டெடுத்துப் பார்த்து எழுதப்பட்டவை குறைவு. எனவே, வாங்குபவர் செய்யத்தக்கது ஒன்றுதான்: அந்த இழப்பு நாளைச் செயற்கையாக முன்கூட்டியே வரவழைத்துப் பார்ப்பது. மற்ற கேள்விகள் அனைத்தும் இதற்குக் கீழ்ப்பட்டவை.

முதலில் எதைக் காக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வீட்டுக் கணினியில் இருப்பவற்றில் பெரும்பகுதி, அளவைப் பொறுத்தவரை, திரும்பப் பெறக்கூடியது. இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம். தரவிறக்கிய திரைப்படத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஈடுசெய்ய முடியாதவை வேறு: குடும்பப் படங்கள், காலமான பெரியவர்களின் குரல் பதிவுகள், வருடி எடுத்து வைத்த பத்திரங்கள், மருத்துவ அறிக்கைகள், பாதியில் நிற்கும் ஆய்வேடு, பத்தாண்டு வரவு செலவுக் கணக்கு. படங்களையும் காணொளிகளையும் நீக்கிவிட்டால் இவை பெரும்பாலும் சில ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே மென்பொருள் தேர்வில் பாதி முடிந்துவிடுகிறது. வட்டு முழுவதையும் அப்படியே படிமமாக எடுத்து வைக்கும் மென்பொருள் ஒருவகை. தேர்ந்தெடுத்த கோப்புறைகளை மட்டும் நகலெடுப்பது இன்னொரு வகை. கணினி பழுதானால் மறுநாள் காலையிலேயே எல்லா மென்பொருள்களோடும் பழையபடி வேலை செய்தாக வேண்டிய கணக்காளருக்கோ வழக்கறிஞருக்கோ முதல் வகை தேவைப்படும். மற்ற வீடுகளுக்கு இரண்டாம் வகையே போதுமானது. மலிவானதும்கூட.

அடுத்து, பலரும் ஏமாறும் இடம். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை அடிப்படையில் ஒத்திசைவுச் சேவைகள். ஓர் இடத்தில் நிகழும் மாற்றத்தை எல்லா இடங்களிலும் நிகழ்த்துவதே அவற்றின் பணி. அழித்தலும் ஒரு மாற்றம்தான். பேரப்பிள்ளை மடிக்கணினியில் ஒரு கோப்புறையை அழித்தால், அதே அழிப்பு மேகக்கணினியிலும், இன்னோர் அறையில் இருக்கும் கணினியிலும் உண்மையாக நிறைவேற்றப்படும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் கோப்பு 30 நாள் இருக்கும். அதன் பிறகு இல்லை. ஒரு கோப்பு காணாமல் போனதை நாம் 30 நாளுக்குள் கவனித்துவிடுவோமா? ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் பத்திரத்தின் நகலை அடுத்த ஆண்டுதானே தேடுவோம்?

இந்தக் குழப்பத்தை நிறுவனங்களே வளர்க்கின்றன என்பது என் கருத்து. புதிய விண்டோஸ் 11 கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடங்கினால், டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகள் ஒன்டிரைவின் கீழ் கொண்டுசெல்லப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திரையில் அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர் 'பேக்-அப்'. இலவசமாகத் தரப்படும் இடமோ 5 ஜிகாபைட். அது நிறைந்ததும் கட்டணச் சேவைக்கான அழைப்பு வருகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, சில கோப்புகளின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தை இணையத்தில் மட்டும் வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்டிரைவில் இருக்கிறது. அப்படிப்பட்ட கோப்பு நம் கண்ணுக்குத் தெரியும். நம் வட்டில் இருக்காது. வட்டில் இல்லாததை விண்டோஸின் காப்பு நகல் கருவி புற வன்வட்டுக்கு எடுத்து வைக்காது. மேகச் சின்னம் ஒட்டியிருக்கும் கோப்புகளை 'எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு' என்று மாற்றிவிட்டு, அதன் பிறகு நகலெடுப்பதே சரி.

ஒத்திசைவு பயனற்றது என்பதல்ல இதன் பொருள். கணினி திருடுபோனால் அதுவே கைகொடுக்கும். ஆனால், ஒரு கோப்பின் பழைய நிலைகளை நெடுங்காலம் வைத்திருப்பதே காப்பு நகலின் இலக்கணம். ஆப்பிள் 2007இல் தன் கணினிகளோடு இணைத்துத் தந்த டைம் மெஷின் இதற்கு நல்ல முன்மாதிரி. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு நகல், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு நகல், அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கொரு நகல். வட்டு நிறைந்தால் மிகப் பழையது நீங்கும். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இத்தகைய 'பதிப்பு வரலாறு' அதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால், நேற்று கெட்டுப்போன கோப்பு இன்றிரவு நல்ல நகலின் மேல் எழுதப்பட்டுவிடும்.

நிகழ்தகவைப் பற்றியும் சற்றுப் பேச வேண்டும். லட்சக்கணக்கான வன்வட்டுகளை இயக்கும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ், அவற்றின் பழுது விகிதத்தை 2013 முதல் வெளியிட்டுவருகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை விழுக்காடு என்ற அளவில் இருந்துவருகிறது. சிறிய எண்ணாகத் தோன்றும். ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் ஏழு விழுக்காட்டைத் தாண்டுகிறது; ஏறத்தாழ பதினான்கு வட்டுகளில் ஒன்று. அதுவும் குளிரூட்டப்பட்ட, மின்சாரம் சீரான தரவு மையத்தில். பேருந்தில் பயணிக்கிற, மேசையிலிருந்து கீழே விழுகிற மடிக்கணினிக்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டு வட்டுகளில் நகல் இருந்தால்? ஒன்றரை விழுக்காட்டை ஒன்றரை விழுக்காட்டால் பெருக்கினால், இரண்டும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு சுமார் 4,400இல் ஒன்று. நிம்மதி தரும் கணக்கு. ஆனால், இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே மேசையில் இருக்கும் இரண்டு வட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம், மூலத்தையும் நகலையும் பிரித்துப் பார்க்கவில்லை. திருடனும் பார்ப்பதில்லை; பக்கத்தில் கிடக்கும் வன்வட்டையும் சேர்த்தே எடுத்துப்போவான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தீநிரல்களும் அவ்வாறே. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்றவை, கணினியோடு அந்நேரத்தில் இணைந்திருக்கும் புற வட்டுகளையும் சேர்த்தே பூட்டக்கூடியவை.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பினார். விதி எளிமையானதுதான். அதன் உட்பொருள் எண்ணிக்கையில் இல்லை, சாராமையில் இருக்கிறது. வீட்டில் மடிக்கணினி, அலமாரியில் பிடுங்கி வைத்த வன்வட்டு, வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு வன்வட்டு என்றாலே போதும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். மேகக்கணினியில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. மேகத்தை விரும்புவோர் தங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 500 ஜிகாபைட்டை ஏற்ற, இடைவிடாமல் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆவணங்களுக்கு மேகம், படங்களுக்கு வன்வட்டு என்று பிரித்துக்கொள்வது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

ஆனால், இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி மனிதர்தான். ஹோவர்ட் குன்ரூதர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வெள்ளக் காப்பீடு எடுப்போரின் நடத்தையை ஆராய்ந்தபோது, வெள்ளம் வந்த கையோடு பலர் காப்பீடு எடுப்பதையும், சில ஆண்டுகள் வெள்ளம் வராவிட்டால் அதைக் கைவிடுவதையும் கண்டார்கள். காப்பு நகல் விஷயத்திலும் நம் நடத்தை இதுவே. நண்பரின் கணினி பழுதான செய்தி கேட்டதும் வன்வட்டு வாங்குகிறோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நகலெடுக்கிறோம். மூன்றாம் ஞாயிறு மறந்துவிடுகிறோம். மனவுறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறுவதில் பயனில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஓய்வூதியச் சேமிப்பில் புதிய ஊழியர்களைத் தாமாகவே சேர்த்து, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று விதியை மாற்றியபோது, சேர்ந்தவர்களின் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்ததை பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே ஆகியோர் 2001இல் காட்டினார்கள். ஊழியர்கள் திடீரென்று சிக்கனமானவர்களாக மாறிவிடவில்லை; இயல்பு நிலை மாறியது, அவ்வளவே. ஆகவே, நாமே அழுத்தினால்தான் இயங்கும் மென்பொருளை, அது எவ்வளவு திறன் வாய்ந்ததாக இருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். வன்வட்டைச் செருகியதுமே தானாகத் தொடங்க வேண்டும். பல நாள் இயங்காவிட்டால் திரையில் உரக்கச் சொல்ல வேண்டும். கிட்லேப்பின் மின்னஞ்சலைப் போல யாரும் பார்க்காத இடத்தில் முணுமுணுக்கும் எச்சரிக்கை, எச்சரிக்கையே அல்ல.

இனி, மென்பொருள்கள். ஆப்பிள் கணினி வைத்திருப்போர் டைம் மெஷினைத் தாண்டிச் செல்ல அநேகமாகக் காரணமில்லை. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு டேஜா டப் என்ற எளிய கருவி உண்டு. டைம்ஷிஃப்ட் என்பது இயங்குதளத்தை மீட்பதற்கானது, நம் கோப்புகளுக்கானது அல்ல என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ். அங்கேதான் குழப்பம் மிகுதி.

விண்டோஸ் 8 உடன் 2012இல் வந்த 'ஃபைல் ஹிஸ்டரி' இன்றும் விண்டோஸ் 11இல் இருக்கிறது. ஆனால், முகப்பு அமைப்புகளில் தேடினால் கிடைக்காது, பழைய கண்ட்ரோல் பேனலுக்குள் ஒதுங்கியிருக்கிறது. ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப் போன்ற வழக்கமான கோப்புறைகளை, வன்வட்டு இணைந்திருக்கும்போது, மணிக்கொருமுறை நகலெடுக்கும். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். குறைகள் உண்டு, டி டிரைவில் நாமாக உருவாக்கிய கோப்புறையை அது தானாகச் சேர்த்துக்கொள்ளாது, 'லைப்ரரி'யில் நாம் சேர்க்க வேண்டும். ஆயினும், அதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று இருக்கிறது. நகல்களை அது சாதாரணக் கோப்புகளாகவே, பெயரின் பின்னால் தேதியையும் நேரத்தையும் ஒட்டி வைக்கிறது. நாளை அந்தக் கருவியே இல்லாமல் போனாலும், வன்வட்டை வேறெந்தக் கணினியில் செருகியும் கோப்புகளைத் திறந்துகொள்ளலாம். அதே கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 காலத்துப் படிமக் கருவியும் கிடக்கிறது. அதன் மேம்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2017லேயே கைவிட்டுவிட்டதால் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். முழுப் படிமம் தேவைப்படுவோருக்கு வீம் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு தக்கது.

வெளியார் மென்பொருள்களில் டூப்ளிகாட்டி, கோப்பியா, ரெஸ்டிக் ஆகியவை கட்டணமற்ற திறமூல மென்பொருள்கள். இவை கோப்புகளைத் துண்டுகளாக வெட்டி, ஒரே துண்டை இருமுறை சேமிக்காமல், மறையாக்கம் செய்து தமக்கே உரிய வடிவில் வைக்கின்றன. இடம் வெகுவாக மிச்சமாகிறது; அந்நியர் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாது. விலை என்னவென்றால், மீட்கும் நாளில் அதே மென்பொருள் வேண்டும், கடவுச்சொல்லும் வேண்டும். எனவே என் பரிந்துரை இது: வீட்டு அலமாரியில் இருக்கும் வன்வட்டில் சாதாரணக் கோப்பு வடிவில் ஒரு நகல்; வெளியே போகும் பிரதி மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டதாக இருக்கட்டும். ரெஸ்டிக் கட்டளை வரியில் இயங்குவது, வீட்டுப் பயனருக்கு அயர்வூட்டும். மற்ற இரண்டில் எதுவும் ஏற்கத்தக்கதே. ஃபிரீஃபைல்சிங்க் என்ற கருவியும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் 'கண்ணாடிப் பிம்பம்' என்ற முறையைத் தேர்ந்தால், அழித்தவை நகலிலும் அழியும் என்பதால், அழிந்தவற்றைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் அமைப்பைச் சேர்த்தே இயக்க வேண்டும்.

திறமூலம் என்பதைக் கொள்கைப் பிடிப்பால் மட்டும் சொல்லவில்லை. வெளியேறும் செலவு என்ற ஒன்று இருக்கிறது. கிராஷ்பிளான் என்ற புகழ்பெற்ற இணையக் காப்புச் சேவை, வீட்டுப் பயனர்களுக்கான பிரிவை மூடப்போவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்து, 2018 அக்டோபரில் மூடியது. ஆண்டுக்கணக்கில் ஏற்றிவைத்த நகல்களை விட்டுவிட்டு, வேறோரிடத்தில் முதல் கோப்பிலிருந்து தொடங்க வேண்டிய நிலை பயனர்களுக்கு ஏற்பட்டது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற படிம மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பல ஆண்டுகளாகப் பலரும் பரிந்துரைத்துவந்தார்கள். அதுவும் நிறுத்தப்பட்டு, 2024 தொடக்கத்தோடு பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதும் நின்றது. இந்நிறுவனங்கள் முறைகேடு எதுவும் செய்துவிடவில்லை. லாபமில்லாத கடையை மூட வணிகருக்கு உரிமை உண்டு. ஆனால், நம் கோப்புகளின் ஆயுள் அந்தக் கடையின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது. கட்டண மென்பொருள் வாங்குவதில் தவறில்லை. சந்தா முடிந்த பிறகும் ஏற்கெனவே எடுத்த நகலை மீட்க அது அனுமதிக்கிறதா என்று மட்டும் வாங்கும் முன்பே விதிமுறைகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறையாக்கத்தைப் பற்றி இன்னொன்று. பல புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் வட்டு முழுவதும், உரிமையாளருக்குத் தெரியாமலே, மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. திருட்டுக்கு எதிராக இது நல்ல ஏற்பாடு. கணினியின் தாய்ப்பலகை பழுதாகி, வட்டை மட்டும் கழற்றிக் கோப்புகளை எடுக்க முயலும்போதுதான் சிக்கல். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எந்தப் பழுதுநீக்குபவராலும் அதைத் திறக்க இயலாது. அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடையில் கணினி வாங்கியபோது விற்பனையாளர் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தால், அது எந்தக் கணக்கு என்பதே பலருக்குத் தெரியாது. இன்றே அந்த எண்ணைக் கண்டறிந்து தாளில் எழுதி, காப்பீட்டுப் பத்திரம் இருக்கும் உறையில் வைப்பது நல்லது. காப்பு நகலின் கடவுச்சொல்லும் அதே உறையில் இருக்கட்டும். கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாது என்ற அறிவுரை அலுவலகத்துக்குப் பொருந்தும். வீட்டில், குறிப்பாக வயதான ஒருவர் மட்டுமே எல்லாவற்றையும் கையாளும் வீட்டில், மறதியும் மரணமுமே பெரிய அபாயங்கள்.

தமிழில் எழுதுவோருக்கென்றே சில சங்கடங்கள் இருக்கின்றன. லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் சேமிப்புக் கருவிகளில் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒரு பைட். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கு' என்ற ஓரெழுத்துக்கே மெய்யும் உயிர்க்குறியுமாக ஆறு பைட் செலவாகும். ஆய்வுக் கட்டுரையின் முழுத் தலைப்பையே கோப்பின் பெயராக வைக்கும் வழக்கமுள்ளவர்களின் கோப்புகள் அங்கே நகலாகாமல் நின்றுவிடலாம். பழைய சில சுருக்குக் கருவிகள் தமிழ்ப் பெயர்களைப் புரியாத குறிகளாக மாற்றிவிடும். இதைவிடக் கவலை தருவது பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள். 1990களிலும் அதற்குப் பின்னரும் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதிய கோப்புகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. கோப்பு பத்திரமாக மீண்டு வரும். திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருக்கும். அந்த எழுத்துருக் கோப்பையும் காப்பு நகலில் சேர்த்து வைக்க வேண்டும். முடிந்தால், மாற்றிக் கருவியால் யூனிகோடாக்கிய ஒரு பிரதியையும்.

வன்வட்டு வாங்கும்போதும் ஒரு சிறு கவனம் தேவை. பழைய ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்ட வட்டில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது. திருமணக் காணொளிகள் அங்கேதான் தடுக்கி விழுகின்றன.

இவ்வளவும் செய்த பிறகு, முதலில் சொன்ன சோதனை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யப் படிவங்களையும் வங்கிச் சான்றுகளையும் திரட்டுவோம் அல்லவா? அந்தக் கோப்புகளை அன்று கணினியிலிருந்து எடுக்காமல், காப்பு நகலிலிருந்து எடுத்துப் பாருங்கள். தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வேலையும் முடியும், சோதனையும் முடியும். முடிந்தவரை வேறொரு கணினியில் செய்ய வேண்டும்; உங்கள் கணினி இல்லாத நாளுக்கான ஒத்திகை அல்லவா இது? பெயரைப் பார்த்துத் திருப்தியடையாமல் கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். ஒரு நீண்ட காணொளி, தமிழ்ப் பெயருள்ள ஓர் ஆவணம், ஆறு மாதத்துக்கு முன் நீங்களே அழித்த ஒரு கோப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய மென்பொருளைத் தேர்வதாக இருந்தால், நிறுவிய முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். அரைமணி நேரத்தில் மீட்க வழி புரியாத மென்பொருளை அன்றே நீக்கிவிடலாம்.

விசைப்பலகையின் முன் நீங்கள் அமராதீர்கள். இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்யாத இன்னொருவர், வாழ்க்கைத் துணையோ மகனோ மகளோ, அமரட்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். வன்வட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, கடவுச்சொல் எந்த உறையில் இருக்கிறது என்று அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டால், அதையும் ஒரு தாளில் எழுதி அந்த உறையிலேயே போட்டுவிடுங்கள்.